எஞ்சின் விடும் மூச்சு



அமெரிக்க நாட்டில் ‘பிக்கப்’ என்னும் சிறு லாரியை நாள்தோறும் ஓட்டுவோரிடையே ஒரு வாதம் நெடுநாளாக நடந்து வருகிறது. வேலைக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், விடுமுறை நாளில் படகை இழுத்துச் செல்லவும் பயன்படும் அவ்வண்டியில் ‘ஆயில் கேட்ச் கேன்’ என்னும் சிறு கலத்தைப் பொருத்துவது நன்றா, வீணா என்பதே அவ்வாதம். தமிழில் அதனை எண்ணெய்ப் பிடிகலன் எனலாம். ஒரு கைக்குள் அடங்கும் உலோகக் குப்பி. மேலே இரண்டு குழாய் வாய்கள். உள்ளே தடுப்புத் தகடுகளும் கம்பி வலையும். அடியில் வடித்துவிட ஒரு திருகு. இவ்வளவே. மெக்கானிக்குகள் தீர்த்துக்கொள்ள வேண்டிய இச்சிறு வழக்கை வரலாற்றுப் பேச்சுக்கு ஏன் கொண்டுவந்தேன் என நீங்கள் கேட்கலாம். அக்குப்பியின் பின்னால் ஏறக்குறைய நூறாண்டு வரலாறு நிற்கிறது. அதனை அறியாமல் அவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூற இயலாது என்பது என் எண்ணம்.

முதலில் எஞ்சினைப் பார்ப்போம். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றன. பிஸ்டனைச் சுற்றி உலோக வளையங்கள் இருக்கின்றன. அவை எத்துணைச் செம்மையாக அமைந்திருப்பினும் வாயு முழுவதையும் தடுத்து நிறுத்த வல்லன அல்ல. அழுத்தம் மிகும்போது சிறிதளவு வாயு இடுக்கு வழியே நழுவி, ‘கிராங்க் கேஸ்’ எனப்படும் அடிப்பெட்டிக்குள் இறங்கிவிடுகிறது. இதனைக் கசிவுப் புகை என்று அழைப்போம். அதில் எரியாத பெட்ரோல் உண்டு, நீராவி உண்டு, அமிலத் தன்மையுள்ள பொருள்கள் உண்டு. அப்பெட்டியில் விரைந்து சுழலும் தண்டு சிதறடிக்கும் எண்ணெயின் நுண்துளிகளும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன.

இப்புகை வெளியேற வழியில்லாவிடின் தீமை இருவகையாக வரும். அழுத்தம் பெருகி எண்ணெய் சீல்களை நெட்டித் தள்ளும். நீரும் அமிலமும் எண்ணெயோடு கலந்து அதனைக் கருஞ்சேறாக்கும். ஆதலின் எஞ்சின் மூச்சுவிட ஒரு வழி வேண்டும். அம்மூச்சு எங்கே போவது? சாலைக்கா, காற்றுக்கா, மீண்டும் எஞ்சினுக்குள்ளேயா? இந்த ஒரு வினாவுக்கு மோட்டார் உலகம் காலந்தோறும் கூறிய விடைகளே இன்றைய என் பேச்சு.

தொடக்க காலத்தில் விடை மிக எளிதாக இருந்தது. அடிப்பெட்டியிலிருந்து ஒரு குழாயை வண்டியின் கீழே தரையை நோக்கி இறக்கி, அதன் நுனியைச் சாய்வாக வெட்டி விட்டார்கள். வண்டி ஓடும்போது கீழே பாயும் காற்று அந்நுனியில் அழுத்தத்தைக் குறைக்கும். புகை தானே வெளியே இழுக்கப்படும். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடி வழியே புதுக் காற்று உள்ளே வரும். அசையும் உறுப்பு ஒன்றுமில்லை, பழுதாக ஒன்றுமில்லை, செலவும் இல்லை. சிக்கனமான அறிவின் படைப்பு என்றே இதனைச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 1960 வரை அமெரிக்கக் கார்கள் பெரும்பாலும் இவ்வாறே மூச்சுவிட்டன.

ஆனால் அதில் இரு குறைகள் இருந்தன. வண்டி ஓரளவு வேகமாக ஓடினால்தான் குழாய் வேலை செய்யும். நகரத்தெருவில் நின்று நின்று செல்லும் வண்டிக்கு மூச்சு முட்டும், எண்ணெய் சேறாகும். இது வண்டிக்காரரின் கவலை. மற்றொரு குறை வண்டிக்காரர் கண்ணுக்குப் படாதது. குழாயிலிருந்து சொட்டிய எண்ணெய் சாலையின் மேல் விழுந்தது. ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் கரிய பட்டை ஒன்று நீண்டு கிடந்தது. மழை பெய்தால் மோட்டார் சைக்கிள்காரர் அதன்மேல் வழுக்கி விழுந்தனர். நம் ஊர்ப் பழைய லாரி நிலையங்களில் தரை எண்ணெய்க் கறை படிந்து கறுத்திருப்பதை நானும் கண்டிருக்கிறேன். அதில் ஒரு பங்கு இத்தகைய திறந்த மூச்சுக்குழாய்களின் கைவேலை. இனிக் காற்றில் கலந்ததோ? அதனை எவரும் கணக்கில் எடுக்கவே இல்லை. காற்று பெரிது, புகை சிறிது, கலந்தால் மறைந்துவிடும் என்று எல்லோரும் நம்பினர்.

இம்முறைக்கு மாற்று ஒன்று போர்க்களத்திலே தோன்றியது. இரண்டாம் உலகப் போரில் டாங்கி முதலிய படை வண்டிகள் ஆழமான நீரைக் கடக்க வேண்டியிருந்தது. தரையை நோக்கித் திறந்து கிடக்கும் குழாய் நீரில் மூழ்கினால் என்னாகும்? நீர் எஞ்சினுக்குள் புகுந்து அதனை அழித்துவிடும். ஆகவே அக்குழாயை அகற்றி, அடிப்பெட்டியின் புகையை எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயோடு ஒரு வால்வின் வழியாக இணைத்தார்கள். எஞ்சின் தன் மூச்சைத் தானே விழுங்கி எரித்துவிடும் முறை இது. காற்றைத் தூய்மை செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்குக் கனவிலும் இல்லை. நீர் புகாமல் இருக்க வேண்டும். அவ்வளவே அவர்கள் வேண்டியது. போர் முடிந்ததும் பயணிகள் காரில் இதற்குத் தேவை இருப்பதாக எவருக்கும் தோன்றவில்லை. வால்வு படைத்துறையிலும் சில தனி வகை வண்டிகளிலும் தங்கிவிட்டது.

அதே போர்க்காலத்தில், 1943ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26ஆம் நாள், கலிபோர்னியா மாநிலத்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மேல் ஒரு பழுப்பு மூட்டம் கவிந்தது. கண்கள் எரிந்தன, தொண்டை கமறியது, சில தெருக்களுக்கு அப்பால் இருப்பது தெரியவில்லை. ஜப்பானியர் நச்சுப்புகை வீசிவிட்டனரோ என்று கூட மக்கள் அஞ்சினர். பின்னர், நகரினுள் செயற்கை ரப்பருக்காகப் பியூட்டடையீன் செய்து வந்த ஆலையொன்றின் மேல் பழி விழுந்தது. ஆலையைச் சில காலம் நிறுத்திப் பார்த்தனர். மூட்டம் அகலவில்லை. புகைபோக்கி கண்ணுக்குத் தெரிந்தது. ஆதலால் அதுவே குற்றவாளி என்று எல்லோரும் முடிவு செய்தனர். நண்பர்களே, இந்நிகழ்ச்சியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனை எடுத்துக்காட்ட வேண்டியிருக்கும்.

1947இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டம் காற்று மாசுக் கட்டுப்பாட்டுக்கென ஓர் அமைப்பை நிறுவியது. தொழிற்சாலைகளுக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. வீட்டுக் கொல்லையில் குப்பை எரிக்கும் உலைகள் கூடப் பின்னர் 1957இல் தடைசெய்யப்பட்டன. புகைப்பனி குறைந்தபாடில்லை.

உண்மையைக் கண்டவர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்பவர். ஹாலந்து நாட்டு உட்ரெக்ட் நகரில் 1900இல் பிறந்து, கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்த வேதியியலார். அவர் ஆராய்ந்து வந்தது அன்னாசிப் பழத்தின் மணம்! பழத்தின் மணப்பொருளைக் குளிரூட்டித் திரவமாகப் பிடிக்கும் கருவிகள் அவரிடம் இருந்தன. அவற்றின் வழியே பசடினா நகரக் காற்றைச் செலுத்திப் பார்த்தார். நாற்றம் மிக்க பழுப்பு நிறத் திரவம் சிறிதளவு கிடைத்தது. அதனை ஆராய்ந்தும், வெயிலில் வாயுக்களைக் கலந்து சோதனை செய்தும், 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். எரியாத பெட்ரோலின் ஆவியும் எஞ்சின்களில் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் சேரும்போது ஓசோன் முதலிய எரிச்சலூட்டும் பொருள்கள் உண்டாகின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் மக்களின் கண்ணைக் கரிக்கச் செய்வது இதுவே. அந்நகரில் ரப்பர்ப் பொருள்கள் விரைவில் வெடிப்பதன் காரணமும் ஓசோனே என்று தெரிந்தது. எண்ணெய்த் தொழிலைச் சார்ந்தோர் இதனை எளிதில் ஒப்பவில்லை. எனினும் அவர் கருத்தே நிலைத்தது. புகைபோக்கியைத் தேடி அலைந்த நகரம், தான் நாள்தோறும் ஏறிச்செல்லும் காரின் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று.

இனி வருவது அறிவியலைவிட வரலாற்றுக்கே மிகுதியும் உரிய பகுதி. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட ஆட்சிக்குழு உறுப்பினரான கென்னத் ஹான் என்பவர் 1953 முதல் டெட்ராய்ட் நகரத்துக் கார் உற்பத்தியாளர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். நீங்கள் என்ன செய்கிறீர்கள், எப்போது செய்யப்போகிறீர்கள் என்று பணிவோடும் விடாப்பிடியோடும் கேட்டார். முதலில் வந்த விடை, புகை காற்றில் விரைவில் கலைந்துவிடும், அதனால் சிக்கல் இல்லை என்ற வகையிலே இருந்தது. பிறகு ஆராய்ந்து வருகிறோம் என்ற விடை வந்தது. ஆண்டுகள் கழிந்தன. அக்கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறார்கள். ஓர் ஊராட்சியின் பிரதிநிதி ஒரு பெருந்தொழிலை நோக்கி ஆண்டாண்டாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பதைப் படிக்கும்போது, எனக்கு அவருடைய பொறுமையின்மேல் மதிப்பு உண்டாகிறது. மற்றவர்களுடைய பொறுமையின்மேல் அத்தகைய மதிப்பு உண்டாகவில்லை.

1950களின் இறுதியில் மற்றொரு செய்தி தெளிவாயிற்று. காரிலிருந்து வெளியேறும் ஹைட்ரோகார்பன்களில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு, பின்னால் உள்ள புகைக்குழாயிலிருந்து வருவதன்று; அடிப்பெட்டியின் மூச்சுக்குழாயிலிருந்தே வருகிறது. எல்லோரும் வண்டியின் பின்புறத்தையே நோக்கிக்கொண்டிருக்க, நான்கிலொரு பங்கு அடியிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது! அதற்குரிய மருந்தோ புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது அன்று, போரிலேயே பயன்பட்டது, விலையும் மிகச் சிறிது. ஆகவே 1961ஆம் ஆண்டு மாடல் முதல் கலிபோர்னியாவில் விற்ற புதிய கார்களில் அவ்வால்வைப் பொருத்தினார்கள். 1963ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்கா முழுவதற்கும் அது வந்தது. அம்மாநிலத்தின் கட்டுப்பாட்டு வாரியம் அதனைக் கட்டாயமாக்கியது. மோட்டார் வண்டியின் மாசைத் தடுக்கச் சட்டம் விதித்த முதற்கருவி என்ற பெயர் இச்சிறு வால்வுக்கு உண்டு. 1968ஆம் ஆண்டு மாடல் முதல் அடிப்பெட்டியின் புகை சிறிதும் வெளியே வரக்கூடாது என்பது நாடு முழுவதற்கும் விதியாயிற்று. அவ்வால்வின் பெயர் பி.சி.வி. வால்வு என்பது.

இது ஏன் முன்னரே வரவில்லை? இக்கேள்வியை அமெரிக்க அரசே நீதிமன்றத்தில் எழுப்பியது. 1969 ஜனவரியில் அந்நாட்டு நீதித்துறை நான்கு பெரிய கார் நிறுவனங்கள் மீதும் அவற்றின் சங்கத்தின் மீதும் வழக்குத் தொடுத்தது. மாசுத் தடுப்புக் கருவிகளில் ஒருவரையொருவர் முந்துவதில்லை என்று உடன்பாடு செய்துகொண்டு, அவை வருவதைத் தாமதப்படுத்தினர் என்பது குற்றச்சாட்டு. மூச்சுக்குழாய் வால்வை நாடெங்கும் பொருத்துவதை ஓராண்டு தள்ளிப்போட்டதும் அதில் அடங்கும். வழக்கு விசாரணைக்கு வரவில்லை. அவ்வாண்டே இருதரப்பும் சமரசத்துக்கு வந்தன. நிறுவனங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அத்தகைய கூட்டுறவை இனிச் செய்வதில்லை என்று இசைந்தன. சாட்சிகள் குறுக்கு விசாரணை செய்யப்படாத வழக்கில் வரலாற்றாசிரியன் தீர்ப்புக் கூறுவது முறையன்று. ஆயினும் கையில் இருந்த மருந்து நோயாளியை அடைய இருபதாண்டு ஆனது என்பதைத் தேதிகளே காட்டுகின்றன. ஹாகன்-ஸ்மிட், 1968இல் கலிபோர்னியாக் காற்று வள வாரியத்தின் முதல் தலைவரானார், 1977இல் மறைந்தார்.

ஆக, நம் வினாவுக்கு உலகம் தந்த இரண்டாம் விடை இது: எஞ்சின் தன் மூச்சைத் தானே விழுங்க வேண்டும். சாலை தூய்மையாயிற்று; காற்று ஓரளவு தூய்மையாயிற்று. எண்ணெயும் முன்னைவிட நெடுநாள் நல்ல நிலையில் இருந்தது. ஏனெனில் வண்டி நின்றாலும் வால்வு வேலை செய்யும். எஞ்சின் மெல்ல ஓடும்போது அது சிறிதே திறக்கும். சாலையில் சீராக ஓடும்போது மிகுதியாகத் திறக்கும். பின்னடித்துத் தீ வந்தால் மூடிக்கொள்ளும். சுருள்வில் ஒன்றும் சிறு முளை ஒன்றும் செய்யும் வேலை இது.

விழுங்கிய மூச்சோடு எண்ணெயின் நுண்துளிகளும் எஞ்சினுக்குள் போயின. அதனால் முப்பது நாற்பது ஆண்டு பெருந்தொல்லை ஏதும் நேரவில்லை. காரணம் எளியது. அக்காலத்தில் பெட்ரோல், கார்புரேட்டரின் வழியாகவோ, பின்னர் வந்த முறையில் காற்று வாயில் தெளிக்கும் ஊசிகளின் வழியாகவோ, உள்வால்வின் முதுகை நனைத்துக்கொண்டே உள்ளே சென்றது. பெட்ரோல் நல்ல கரைப்பான். அதில் அழுக்கு நீக்கும் பொருள்களும் கலந்திருக்கும். ஆகவே வால்வின் மேல் படிந்த எண்ணெயை அது கழுவிக்கொண்டே இருந்தது. யாரும் கேட்காமலே, யாருக்கும் தெரியாமலே நடந்து வந்த பணிவிடை.

பிறகு அப்பணிவிடை நின்றது. பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பாய்ச்சும் முறை கார்களில் 1950களிலேயே தலைகாட்டியதுதான். ஜெர்மனியில் குட்பிராட், மெர்சிடிஸ் ஆகியோர் அதனைக் கையாண்டனர். 1996இல் ஜப்பானிய மிட்சுபிஷி நிறுவனம் மின்னணுக் கட்டுப்பாட்டோடு அதனை மீட்டுக் கொண்டுவந்த பின் உலகெங்கும் பரவியது. எரிபொருள் மிச்சமாகும், ஆற்றல் மிகும். 2011ஆம் ஆண்டு மாடலில் ஃபோர்டு எஃப்-150 என்னும் பிக்கப் வண்டிக்கு இம்முறையில் அமைந்த இரட்டை டர்போ எஞ்சின் வந்தது. 2014ஆம் ஆண்டு மாடலில் செவ்ரோலே சில்வராடோவுக்கும் நேரடிப் பாய்ச்சல் எஞ்சின் வந்தது. இவற்றில் உள்வால்வின் முதுகைப் பெட்ரோல் நனைப்பதில்லை. எண்ணெய் மூட்டமோ முன்போலவே வந்து படிகிறது. சூட்டில் காய்ந்து கரியாகிறது. கரி தடித்தால் காற்று தடைப்படும், எஞ்சின் தடுமாறும். இத்தகைய எஞ்சின்கள் சிலவற்றில், வால்நட் கொட்டையின் ஓட்டைப் பொடியாக்கிக் காற்றழுத்தத்தால் வீசி அக்கரியைச் சுரண்டியெடுக்கிறார்கள். உலோகத்தைக் கீறாமல் கரியை மட்டும் பெயர்க்க அந்த ஓடே ஏற்றதாம்!

இந்தக் கரிக்கு அஞ்சியே பிக்கப்காரர் பிடிகலனை நாடினார். அதனை அவர் புதிதாகப் படைக்கவில்லை. பந்தயக் களத்திலிருந்து எடுத்துக்கொண்டார். பந்தய வண்டி முழுவேகத்தில் ஓடும்போது கசிவுப் புகையும் எண்ணெயும் மிகுதியாக வெளிவரும். ஒரு வண்டியின் எண்ணெய் களத்தில் சிந்தினால் பின்னால் வருபவனுக்கு உயிர்ப்போக்கு. ஆகவே, மூச்சுக்குழாய் திறந்த வண்டிகள் எண்ணெய் பிடிக்கும் கலன் வைத்திருக்க வேண்டும் என்பது உலக மோட்டார் விளையாட்டுக் கழகத்தின் விதி. எஞ்சின் 2000 கன சென்டிமீட்டர் வரை இருந்தால் 2 லிட்டர் கொள்ளும் கலன். அதற்கு மேற்பட்டால் 3 லிட்டர். பிறர் வழுக்கி விழாமல் இருக்கவே பிடிகலன் பிறந்தது என்பதைக் கவனியுங்கள். வால்வின் முதுகைக் காக்க அது பிறக்கவில்லை.

நாள்தோறும் ஓடும் வண்டியில் அதனைப் பொருத்தும் முறை வேறு. பி.சி.வி. வால்வுக்கும் உறிஞ்சு குழாய்க்கும் நடுவே கலன் அமைகிறது. புகை உள்ளே புகுந்து, விரிந்து, வேகம் குறைந்து, குளிர்ந்து, தகடுகளிலும் வலையிலும் மோதுகிறது. எண்ணெயும் நீரும் துளிகளாகத் திரண்டு அடியில் தங்குகின்றன. மிஞ்சிய வாயு எஞ்சினுக்குள் சென்று எரிகிறது. கலனை வாரங்களுக்கு ஒருமுறை திறந்தால், பாலூற்றிய காப்பி போன்ற திரவம் வடியும். எண்ணெயும் நீரும் பெட்ரோலும் கலந்த குழம்பு அது.

இத்திரவத்தை ஒரு புட்டியில் ஏந்திப் படம் எடுத்து, ‘பாருங்கள், இவ்வளவும் என் எஞ்சினுக்குள் போயிருக்கும்’ என்று காட்டுவது பிடிகலனை ஆதரிப்போரின் வழக்கம். கண்ணால் கண்ட சான்றாயிற்றே என்று கேட்போர் மயங்குவர். நண்பர்களே, வரலாறு பயிலும் உங்களுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. ஒரு சான்று எதனை நிறுவுகிறது, எதனை நிறுவவில்லை என்று பிரித்தறிவது நம் தொழில். புட்டியில் உள்ள திரவம், மூச்சில் எண்ணெயும் நீரும் இருந்தன என்பதை நிறுவுகிறது. அதனை எவரும் மறுக்கவில்லை. 1940களில் படைப் பொறியாளரும் அறிந்ததே. அது உள்ளே சென்றிருந்தால் தீங்கு விளைந்திருக்கும் என்பதை அப்புட்டி நிறுவவில்லை. நீர் ஆவியாகிப் போயிருக்கும், பெட்ரோல் எரிந்திருக்கும், எண்ணெயில் பெரும்பகுதியும் எரிந்திருக்கும். வால்வின் மேல் தங்கியிருக்கக்கூடியது சிறு பகுதியே. அதன் அளவைப் புட்டி சொல்லாது.

இன்னும் ஒன்று. வால்வின் கரிக்கு மூச்சு மட்டும் காரணமன்று. வால்வுத் தண்டின் வழியே இறங்கும் எண்ணெய் உண்டு. எரிந்த வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பும் அமைப்பு கொண்டுவரும் கரி உண்டு. மேலும், எளிய கலன்கள் பெருந்துளிகளைப் பிடிக்கும். மிக நுண்ணிய துளிகள் வாயுவோடு தப்பிவிடும். ஒத்த இரண்டு எஞ்சின்களை, ஒன்றில் கலன் வைத்தும் ஒன்றில் வையாமலும், ஒரே வகையாகப் பல்லாயிரம் மைல் ஓட்டி, இரண்டையும் திறந்து வால்வுகளை ஒப்பிட்டால்தான் வழக்கு தீரும். தன் ஒரே வண்டியில் கலனைப் பொருத்தி, எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்று மகிழ்பவர் அதனைச் செய்தவர் ஆகார். 1943இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மக்கள் கண்ணுக்குத் தெரிந்த புகைபோக்கியைப் பிடித்துக்கொண்டனர் அல்லவா? ஆலையை நிறுத்திப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. புட்டியும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பிக்கப்காரர் அத்தகைய சோதனை எதனையும் செய்து பார்ப்பதில்லை.

பிடிகலன் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. முழுவதும் நேரடிப் பாய்ச்சலால் இயங்கும் டர்போ எஞ்சினில், பாரம் இழுத்து நெடுந்தொலைவு ஓட்டுபவருக்கு, நல்ல கலன் உள்ளே போகும் எண்ணெயைக் குறைக்கும். குறைவது நன்றே, தீங்காகாது. ஆயினும் உற்பத்தியாளரும் வாளாவிருக்கவில்லை என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். டொயோட்டா நிறுவனம் 2005ஐ ஒட்டி, நேரடி ஊசிகளோடு பழைய முறை ஊசிகளையும் ஒரே எஞ்சினில் வைத்தது. ஃபோர்டு 2017ஆம் ஆண்டு மாடலில் எஃப்-150இன் 3.5 லிட்டர் டர்போ எஞ்சினுக்கும், அடுத்த ஆண்டு அதன் 5 லிட்டர் எட்டுச் சிலிண்டர் எஞ்சினுக்கும் அவ்வாறே செய்தது. நின்றுபோன பணிவிடை திரும்ப வந்துவிட்டது. பெட்ரோல் மீண்டும் வால்வைக் கழுவுகிறது. சில்வராடோவின் எஞ்சினில், எண்ணெயைப் பிரித்தெடுக்கும் அறைகளை மேல்மூடிக்குள்ளேயே அமைத்தார்கள். ஒரு வகையில் பிடிகலனை உள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள் எனலாம். பிரிந்த எண்ணெய் தானே கீழே திரும்பிவிடும், யாரும் வடித்துவிட வேண்டியதில்லை. ஆகவே என் கருத்து இது: இருவகை ஊசிகளும் உள்ள வண்டிக்குப் பிடிகலன் தேவையில்லை; நேரடி ஊசி மட்டும் உள்ள வண்டிக்கு, உரிமையாளர் அதனைப் பேணும் இயல்பினராக இருந்தால் பொருத்தலாம்; பேணாதவர் அதன் பக்கம் போகாதிருப்பதே நலம்.

பேணுதல் என்றேன். அதனை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், கலன் நிறைந்துவிட்டால் திரண்ட எண்ணெய் முழுவதும் ஒரே மூச்சில் எஞ்சினுக்குள் இழுக்கப்படலாம். குளிர்நாட்டில் இதனினும் பெரிய இடர் உண்டு. கலனில் சேர்வதில் பெரும்பகுதி நீர். மினசோட்டா போன்ற மாநிலங்களில் பனிக்காலத்து இரவில் அது உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். அடைத்தால், எஞ்சின் மூச்சுவிட வழியின்றி, அழுத்தம் பெருகி எண்ணெய் சீல் பெயர்ந்துவிடும். சிறு தொலைவே ஓடி நிற்கும் வண்டியில் எஞ்சின் நன்கு சூடேறாததால் நீர் இன்னும் மிகுதியாகச் சேரும். ஒரு தீங்கைத் தடுக்க வைத்த கலனே அதனினும் பெரிய தீங்குக்கு வழி செய்யும் நிலை இது. குளிர்காலத்தில் கலனைக் கழற்றிவைத்துப் பழைய குழாயை மாட்டிவிடும் எச்சரிக்கையாளரும் அங்கே உண்டு.

சட்டமும் இதில் இருக்கிறது. பி.சி.வி. அமைப்பு மாசுத் தடுப்புக் கருவி. அதனைக் குலைப்பது 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்கும் அதன் திருத்தங்களுக்கும் மாறானது. கலிபோர்னியாவில் இத்தகைய பொருளைப் பொருத்த வேண்டுமானால் காற்று வள வாரியத்தின் ஆணை எண் அதற்கு இருக்க வேண்டும். உத்தரவாதத்தைப் பற்றி வீண் அச்சம் வேண்டியதில்லை. வேறொருவர் செய்த பொருளைப் பொருத்தினார் என்ற ஒன்றையே காட்டி உத்தரவாதத்தை மறுக்க 1975ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தராது. ஆனால் அப்பொருளே பழுதுக்குக் காரணம் என்று காட்டினால் மறுக்கலாம். உறைந்த கலனால் பெயர்ந்த சீலுக்கு எந்த உற்பத்தியாளரும் பொறுப்பேற்கமாட்டார்.

இரண்டு குழாய்களில் ஒன்றை எஞ்சினுக்குத் திருப்பாமல், கலனின் தலையில் ஒரு வடிகட்டியை வைத்து, மூச்சைக் காற்றில் விட்டுவிடுவோரும் இருக்கின்றனர். எஞ்சின் முற்றிலும் தூய்மையாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். இருக்கும்தான். ஹாகன்-ஸ்மிட் கண்டதும், ஹான் கேட்டதும், 1961இல் சட்டம் செய்ததும் அவ்வொரு வண்டியைப் பொறுத்தவரை இல்லையென்று ஆகிவிடும். வால்வின் முதுகில் படியாத அழுக்கு அண்டைவீட்டார் மூச்சில் கலக்கும். இதனைப் பொருத்தலாமா என்று என்னைக் கேட்டால், கூடாது என்பதைத் தவிர வேறு விடை எனக்கு இல்லை.

முறையாகப் பொருத்தியவரிடமும் ஒரு பொருள் மிஞ்சுகிறது: அந்தக் காப்பி நிறத் திரவம். அதனைத் தெருவோரச் சாக்கடையில் ஊற்றினால் பழைய குழாய் சொட்டுச் சொட்டாகச் செய்ததை அவர் மொத்தமாகச் செய்தவர் ஆவார். அமெரிக்காவில் மோட்டார் உறுப்புகள் விற்கும் கடைகள் பல, பழைய எண்ணெயைப் பெற்றுக்கொள்கின்றன. ஆனால் நீரும் பெட்ரோலும் கலந்த இக்குழம்பை எண்ணெயோடு எண்ணெயாக அவை ஏற்பதில்லை; கலப்பில்லாத எண்ணெயையே கேட்கும். எனவே இதனைத் தனிக் குப்பியில் மூடி வைத்து, மாவட்ட ஆட்சியினர் கேடு விளைக்கும் வீட்டுக் கழிவுகளைப் பெறும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.